அறுவை சிகிச்சைக்குப் பின் வீட்டுச் சமையலறை: மேடை, அடுப்பு, இருக்கை

வீடு திரும்பும் நாள் குறிக்கப்பட்டவுடன் உறவினர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். எந்த மாத்திரையை எப்போது தருவது, தையல் என்றைக்குப் பிரிப்பது, புளி சேர்க்கலாமா, தலைக்குக் குளிக்கலாமா என்பனவே அவை. சமையலறையைப் பற்றி எவரும் கேட்பதில்லை. நோயாளி அக்குடும்பத்தின் தாயாகவோ மனைவியாகவோ இருந்தால், "இனி அம்மாவை ஒரு வேலையும் செய்யவிட மாட்டோம்" என்று பிள்ளைகள் உறுதி கூறுவார்கள். அவர்கள் மனமறிந்து பொய் சொல்வதில்லை. ஆயினும் ராயபுரத்துக் குடும்பங்களின் நடைமுறை வேறு. காலை எட்டரை மணி ஷிப்ட்டுக்கு மகனும் மருமகளும் கிளம்பிவிடுவார்கள். ஆர்டர் நெருக்கும் வாரங்களில் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில்தான் திரும்புவார்கள். இடைப்பட்ட நேரத்தில் வீட்டிலிருப்பவர் நோயாளி ஒருவரே. முதல் வாரம் அவர் படுத்திருப்பார். இரண்டாம் வாரத்தில் ஒரு டம்ளர் கஞ்சியைச் சூடாக்கிக்கொள்ளவேனும் எழுந்து அடுப்படிக்குச் செல்வார்.

அப்போது அவருடைய உடலுக்கு என்ன நேரும் என்பதை, அவருடைய கவனத்தைவிட அந்த அடுப்படியின் அமைப்பே பெரிதும் தீர்மானிக்கிறது. அரிசித் தவலை தரையில் இருந்தால் அவர் குனிந்தே ஆகவேண்டும். பருப்பு டப்பா அட்டாலியில் இருந்தால் கையைத் தலைக்கு மேல் தூக்கியே ஆகவேண்டும். 'குனியாதீர்கள், எட்டாதீர்கள், பாரம் தூக்காதீர்கள்' என்று நாங்கள் எழுதித் தரும் தாளுக்கு அங்கே பொருளில்லாமல் போகிறது. ஆகவே நோயாளி வீட்டுக்கு வருமுன் அடுப்படியை மாற்றியமைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே என்பது எங்கள் கருத்து.

பனியன் கம்பெனியில் கற்ற பாடம்

திருப்பூர் மக்களுக்கு இச்செய்தி அயலானதன்று. பவர் டேபிளில் அமர்ந்த எவரும் அறிவர்: தைக்கவேண்டிய பண்டல் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும், தைத்த பீஸ் தானே நழுவி அடுத்த ஆளிடம் சேரவேண்டும். ஓவர்லாக், பிளாட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்ற வரிசையில் துணி முன்னோக்கிச் செல்லுமே தவிர, பின்னோக்கி வராது. கையில் கடிகாரத்துடன் ஒருவர் வந்து நின்று, ஒரு காலரைப் பொருத்த எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துச் செல்வதையும் பலர் கண்டிருப்பர்.

இவ்வாறு கை அசைவுகளை எண்ணிப் பார்க்கும் முறையை வளர்த்தவர்களுள் முதன்மையானோர் அமெரிக்காவைச் சேர்ந்த ஃபிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதியர். ஃபிராங்க் தொடக்கத்தில் கட்டடத் தொழிலில் இருந்தவர். கொத்தனார் ஒருவர் ஒரு செங்கல்லை எடுத்து வைப்பதற்குள் 18 அசைவுகளைச் செய்வதை அவர் கண்டார். ஒவ்வொரு கல்லுக்கும் தரைவரை குனிந்து நிமிர்வது அவற்றுள் பெரியது. செங்கல்லையும் சாந்தையும் இடுப்பு உயரத்தில் தாங்கும் சாரத்தை அமைத்தார். அசைவுகள் ஐந்தளவில் குறைந்தன.

1924-ல் கணவர் மறைந்தபின், பெரிய குடும்பத்தைத் தனியே தாங்கிய லில்லியன் அதே கண்ணோட்டத்தைச் சமையலறைக்குள் கொண்டுவந்தார். எரிவாயு நிறுவனம் ஒன்றுக்காக அவர் அமைத்துக் காட்டிய சமையலறையில், ஒரே பண்டத்தைச் செய்வதற்கு நடக்கவேண்டிய அடிகள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் இதய நோயாளிகளான இல்லத்தரசிகளுக்கெனவே 'இதயச் சமையலறை' என்ற அமைப்பை உருவாக்குவதிலும், உடற்குறை உள்ளவர்களுக்கான சமையலறைகளை வடிவமைப்பதிலும் அவர் ஈடுபட்டார். தொழிற்சாலையில் உற்பத்தியைப் பெருக்கப் பயன்பட்ட கணக்கு, நோயுற்ற பெண்ணின் மூச்சைச் சேமிக்கவும் பயன்பட்டது.

இன்னொரு முன்னோடி வியன்னாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. 1926-ல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக அவர் வரைந்த சமையலறை 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்டது. நம் கணக்கில் ஆறேகால் அடிக்குப் பதினோரு அடி. அதே வடிவில் சுமார் 10,000 சமையலறைகள் கட்டப்பட்டன. ரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் இருந்த சிறு சமையலறை அவருக்கு ஒரு முன்மாதிரியாக இருந்தது. சன்னலை ஒட்டி ஒரு வேலைமேசை, அதன் முன் உயரத்தை ஏற்றி இறக்கும் சுழல் இருக்கை, கைப்பிடியைப் பிடித்து இழுத்தால் அரிசியையும் மாவையும் சாய்த்துக் கொட்டும் அலுமினியப் பெட்டிகள் ஆகியவை அதிலிருந்தன. உட்கார்ந்து காய் நறுக்குவதைச் சோம்பலென்று கருதாமல், அதையே முறையாக்கிய அமைப்பு அது. வரைந்தவர் காசநோயிலிருந்து மீண்டவர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

உயரமே முதற்கணக்கு

சமையலறை அமைப்பைப் பற்றிய நூல்கள் அடுப்பு, கழுவுதொட்டி, குளிர்பதனப் பெட்டி ஆகிய மூன்றுக்கும் இடையிலான நடைதூரத்தைப் பெரிதாகப் பேசும். மூன்று பக்கங்களையும் கூட்டினால் 13 அடிக்குக் குறையாமலும் 26 அடிக்கு மிகாமலும் இருக்கவேண்டும் என்பது அமெரிக்க வழக்கு. எட்டடிக்கு ஆறடி அளவுள்ள லைன் வீட்டு அடுப்படிக்கு இவ்விதி ஒரு பயனும் தராது. அங்கே ஓரடி எடுத்து வைத்தாலே எல்லாவற்றையும் தொட்டுவிடலாம். நம் வீடுகளில் களைப்பைத் தருவது நடையன்று. குனிதலும் எட்டுதலும் தூக்குதலுமே.

எனவே முதலில் இஞ்ச் டேப்பை எடுங்கள். திருப்பூரில் அது இல்லாத வீடு குறைவு. நோயாளி வீட்டில் அணியும் செருப்புடன் நிமிர்ந்து நிற்கட்டும். முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கைவரை உள்ள உயரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தடி உயரமுள்ள பெண்மணிக்கு அது ஏறத்தாழ 38 அங்குலம் வரும். நறுக்கவும் பிசையவும் உதவும் மேடை, முழங்கையைவிட 4 முதல் 6 அங்குலம் தாழ்ந்திருப்பது நலம். அதாவது அவருக்கு 32 முதல் 34 அங்குலம்.

இனி அடுப்பைப் பார்ப்போம். 33 அங்குல மேடைமேல் 5 அங்குல உயரமுள்ள கேஸ் அடுப்பு. அதன்மேல் 11 அங்குல இட்லிக் குண்டா. மூன்றையும் கூட்டினால் 49 அங்குலம். ஐந்தடிப் பெண்மணியின் தோள் உயரமும் அதுவே. மூடியைத் திறந்து தட்டை எடுக்க அவர் கையைத் தோளுக்கு மேல் தூக்கவேண்டும். எழும் ஆவி நேராக முகத்தில் அடிக்கும். கைகளை உயர்த்திச் செய்யும் வேலையில், அதே அளவு வேலையைக் கால்களால் செய்வதைக் காட்டிலும் நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் மிகுதியாக ஏறும். நெஞ்செலும்பைப் பிளந்து செய்த இதய அறுவைக்குப்பின் இது இருமடங்கு தீங்கு.

ஆகவே அடுப்பு நிற்கும் இடம், நறுக்கும் மேடையைவிட ஐந்தாறு அங்குலம் தாழ்ந்திருக்கவேண்டும். வாடகை வீட்டில் மேடையை இடிக்க உரிமையாளர் இசையமாட்டார். அதற்குத் தேவையுமில்லை. மேடையின் ஓரத்தை ஒட்டி, 27 அல்லது 28 அங்குல உயரத்தில் ஆட்டமில்லாத இரும்பு ஸ்டாண்டோ, இருபுறமும் செங்கல் சுவர் எழுப்பி அதன்மேல் வைத்த கடப்பைக் கல்லோ போதும். பழைய மேடை நறுக்குவதற்கும் பாத்திரம் இறக்கி வைப்பதற்கும் பயன்படும்.

சில வீடுகளில் அடுப்பைத் தரையிலேயே வைத்துச் சமைக்கிறார்கள். நம் பாட்டிமார் அப்படித்தான் சமைத்தார்கள் என்பது உண்மை; அவர்களுடைய அடுப்பு விறகடுப்பு. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழும்பிக் கலையாமல் தரையோடு படர்ந்து தேங்கும். தரையில் எரியும் அடுப்பே அதற்கு முதல் தீப்பொறி. சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்கவேண்டும்; அடுப்பு அதைவிட உயர்ந்த மட்டத்தில் இருக்கவேண்டும். வீட்டுச் சிலிண்டரின் உயரம் இரண்டடியைச் சற்றே தாண்டும் என்பதால், மேற்சொன்ன 27 அங்குல ஸ்டாண்டு இவ்விதிக்கும் பொருந்தும். சிலிண்டரைக் காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் பூட்ட வேண்டாம். குனியாமல் ரெகுலேட்டரைத் திருப்பும்படி ஓரமாக நிறுத்துங்கள். ரப்பர் குழாயில் அச்சிட்டுள்ள தேதியைப் பார்த்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். கசிவை உணர்ந்தால் சுவிட்சைத் தொடாமல் சன்னலைத் திறந்து வெளியேறி, 1906 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். முழுச் சிலிண்டரின் எடை ஏறத்தாழ 30 கிலோ. அதை நகர்த்துவது நோயாளியின் வேலையன்று.

தூக்காமல் நகர்த்துதல்

இதய அறுவை முடிந்தவர்கள் நெஞ்செலும்பு கூடும்வரை, அதாவது ஆறு முதல் பன்னிரண்டு வாரம்வரை, பொதுவாக நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. தங்கள் மருத்துவர் சொன்ன அளவு இதனினும் குறைவானால் அதுவே கணக்கு. இப்போது அடுப்படியில் உள்ளவற்றை எடை போடுங்கள். ஒரு குடம் தண்ணீர் 15 கிலோ. அரைத்த மாவும் கல்லும் சேர்ந்த கிரைண்டர் பாத்திரம், ஐந்து லிட்டர் குக்கர் நிறைய சாம்பார், கஞ்சியோடு கூடிய சோற்றுப் பானை என ஒவ்வொன்றும் அந்த எல்லையைத் தொடும் அல்லது தாண்டும்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். நல்ல தண்ணீர் நாள்விட்டு நாள் வரும் தெருக்களில் பிடித்துச் சேமிப்பது தவிர்க்க முடியாதது. பிடிப்பவர் வேறொருவராக இருக்கட்டும். சேமிக்கும் கலம் மேடை உயரத்தில், அடியில் குழாய் பொருத்தியதாக இருக்கட்டும். குழாய்க்கு நேர் கீழே சொம்பை வைத்துப் பிடித்தால் மொண்டு ஊற்றவேண்டியதில்லை. அடுப்பிலுள்ள பாத்திரத்தில் நீரைச் சொம்பு சொம்பாக ஊற்றுங்கள். நிரப்பிய பாத்திரத்தை அடுப்புக்குத் தூக்கிச் செல்லாதீர்கள்.

சமையல் முடிந்தபின்னும் இதே முறைதான். சூடான பானையைத் தூக்கி வேறிடம் வைக்க வேண்டாம்; கரண்டியால் சிறு கிண்ணத்துக்கு எடுத்து அதை மட்டும் கொண்டுசெல்லுங்கள். கஞ்சி வடிப்பதைச் சில மாதம் நிறுத்திவைப்பது நல்லது. மூட்டு வலி உள்ளவரும், பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவரும் கொதிக்கும் பானையைச் சாய்த்து நிறுத்தும்போது நழுவினால் வெந்நீர் வயிற்றிலும் தொடையிலும் கொட்டும். சிறு குக்கரில் அளவு நீர் வைத்து வேகவிட்டால் வடிக்கும் வேலையே இல்லை. வடித்த சோறே வேண்டும் என்பவர்களிடம் வாதிட்டுப் பயனில்லை. அவர்கள், மாலையில் வருபவர் வடித்துத் தரும்வரை காத்திருக்கட்டும்.

2011-ல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா கிரைண்டர் இன்றும் பல வீடுகளில் உழைக்கிறது. பெரும்பாலும் அது தரையில், மூலையில், ஒரு துணி மூடி இருக்கும். அதை முழங்கை உயரத்துக்குச் சற்றுக் கீழான வலுவான மேசையில் நிரந்தரமாக வைத்துவிடுங்கள். மாவைக் கரண்டியால் வழித்தெடுத்தபின், கல்லைத் தூக்கிக் கழுவும் வேலையை வேறொருவர் செய்யட்டும். கடையில் அரைத்த மாவை வாங்குவது கௌரவக் குறைவு என்று எண்ணுவோரும் உளர். இரண்டு மாதத்துக்கு அந்த எண்ணத்தை ஒத்திவைக்கலாம்.

அன்றாடம் வேண்டியவை அனைத்தும் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருப்பதே பொருள்களை அடுக்கும் விதி. அட்டாலியில் பித்தளை அண்டாவும் தீபாவளிப் பலகாரத் தட்டுகளும் இருக்கட்டும். பெரிய டப்பாக்களில் உள்ள அரிசி, பருப்பை ஒரு வாரத்துக்குப் போதுமான அளவு சிறு டப்பாக்களில் மாற்றி மேடையின் பின்வரிசையில் வையுங்கள். உப்பு மட்டும் விதிவிலக்கு. இதயச் செயலிழப்பும் மிகை இரத்த அழுத்தமும் உள்ளவர் வீட்டில் உப்பு ஜாடி கைக்கெட்டும் இடத்தில் இருக்கலாகாது. உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கும் உச்ச அளவு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டியளவே. அன்றைய உப்பைக் காலையிலேயே அளந்து ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்துவைத்து, ஜாடியை அட்டாலியில் ஏற்றிவிடுவது பல அறிவுரைகளைவிட நன்றாக வேலை செய்யும்.

உட்காருவதற்கு ஓர் இடம்

மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர் தரையில் சம்மணமிடவும் குந்தவும் கூடாது என்பதால் அரிவாள்மனை இனி அவருக்கு ஆகாது. காய்களைப் பலகையும் கத்தியும் கொண்டு மேசையில் நறுக்கவேண்டும். அதற்கேற்ற இருக்கை, உட்காரும்போது இடுப்பு முழங்காலைவிடச் சற்றே உயர்ந்திருக்குமாறு அமைந்திருக்கவேண்டும். முதுகுச் சாய்வும், ஊன்றி எழக் கைப்பிடியும் வேண்டும். சக்கரம் கூடாது. மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் முக்காலி ஈரத் தரையில் வழுக்கும். நாங்கள் அதை ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. இருக்கை உயரமாகி, கால் தரையில் பதியாமல் தொங்கினால் ஒரு மரப்பலகையைக் காலடியில் வையுங்கள். ஆனால் எழுந்து நடக்கும் வழியில் அது கிடக்கக்கூடாது.

பக்கவாதத்துக்குப் பின் ஒற்றைக் கையால் நறுக்குவோருக்கு ஓர் எளிய உதவி உண்டு. மரப் பலகையில் துருப்பிடிக்காத இரண்டு ஆணிகளைக் கீழிருந்து அடித்து, முனைகள் மேலே ஒரு அங்குலம் நீட்டியிருக்கச் செய்யுங்கள். வெங்காயத்தையோ உருளைக்கிழங்கையோ அதில் குத்தி நிறுத்தினால் பிடித்துக்கொள்ள மறுகை வேண்டியதில்லை. பலகைக்கு அடியில் நனைத்துப் பிழிந்த பனியன் துணியை விரித்தால் பலகை நகராது. வேலையில்லாத நேரத்தில் ஆணிகளின்மேல் ஒரு தக்கையைச் செருகி வைப்பது குழந்தைகள் உள்ள வீட்டில் கட்டாயம். உடலின் ஒரு பக்கத்தைக் கவனிக்கத் தவறும் நோயாளியானால், அடுப்பைத் தனியே கையாள விடுவதற்கு முன் எங்களிடம் ஒருமுறை காட்டிச் செல்லுங்கள்.

புகையும் மின்னடுப்பும்

நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு அடுப்பின் உயரத்தைவிடச் சன்னல் முக்கியமானது. வீட்டிற்குள் எழும் சமையல் புகையால் 2020-ல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. எரிவாயுவுக்கு மாறிவிட்டோம் என்று நாம் நிம்மதி கொள்ள முடியாது. குளிக்க வெந்நீர் போட இன்னும் விறகு எரிகிறது, அதைப் பற்றவைக்கக் கட்டிங் வேஸ்ட் துணியைச் செருகும் வழக்கமும் சில வீடுகளில் உண்டு. சாயமும் செயற்கை இழையும் கலந்த அத்துணியின் புகை, விறகுப் புகையைவிடக் கொடியது. அதை அறவே நிறுத்துங்கள். அடுப்படியில் காற்றை வெளியேற்றும் மின்விசிறியை அடுப்புக்கு மேலே, கூரையை ஒட்டிப் பொருத்தி, காற்று உள்ளே வர எதிர்ப்புறத்தில் சன்னலோ கதவோ திறந்திருக்கச் செய்யவேண்டும். உள்ளே வர வழியில்லாவிட்டால் விசிறி சுழலுமே தவிரப் புகை போகாது. மிளகாய் தாளிக்கும் வேளையில் நோயாளி வாசலில் அமர்ந்திருக்கட்டும்.

புகையில்லை என்பதற்காக இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குவோர் ஒன்றை அறியவேண்டும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள், அந்த அடுப்பு இயங்கும்போது கருவிக்கும் அடுப்புக்கும் இடையே இரண்டடி இடைவெளி விடவேண்டும். மேடையை ஒட்டி நின்று கிளறும் நம் சமையலில் அவ்விடைவெளியைக் காப்பது கடினம். அவர்களுக்குக் கேஸ் அடுப்பே எளிது. மைக்ரோவேவ் ஓவனில் இச்சிக்கல் இல்லை. ஆனால் ஓவனைக் குளிர்பதனப் பெட்டியின் தலைமேல் ஏற்றி வைக்காதீர்கள். சூடான கிண்ணத்தைக் கண் உயரத்திலிருந்து இறக்குவதே தீக்காயத்துக்கு வழி. மேடைமேல் வைத்து, கிண்ணத்தை உடனே இறக்க அதன் பக்கத்தில் ஒரு சாண் இடம் விடுங்கள்.

எத்தனை கவனமாக இருந்தாலும் சுட்டுக்கொள்வது நேரலாம். சுட்ட இடத்தை ஓடும் குழாய்நீரில் 20 நிமிடம் காட்டவேண்டும். குழாயில் நீர் வராத நாளுக்காகவே அந்தக் குழாய் வைத்த கலத்தில் எப்போதும் பாதியளவாவது நீர் இருக்கட்டும். பற்பசை, மை, நெய் எதுவும் தடவாதீர்கள். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் தளர மூடி மருத்துவமனைக்கு வாருங்கள். காயம் பெரிதானால் 108-ஐ அழையுங்கள்.

இம்மாற்றங்கள் அனைத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்து முடிக்கலாம். வீடு திரும்புவதற்குக் குறைந்தது மூன்று நாளைக்கு முன், அடுப்படியின் வாசலில் நின்று எடுத்த ஒரு புகைப்படத்தையும், ஒரு தாளில் எழுதிய நான்கு அளவுகளையும் எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவுக்குக் கொண்டுவாருங்கள்: நோயாளியின் முழங்கை உயரம், மேடையின் உயரம், அடுப்பின் உயரம், வாசலின் அகலம். வாக்கர் பயன்படுத்துபவராக இருந்தால் கடைசி அளவு மிக முக்கியம். பல லைன் வீடுகளின் அடுப்படி வாசலில் வாக்கர் நேராக நுழைவதில்லை.